ஏற்றுமதிச் சான்றிதழ் எந்த மேசையில் தேங்குகிறது?

மீன்கறி மசாலா, தலைமுடி எண்ணெய், மூட்டுவலித் தைலம். பினாங்கு லெபோ பாசாரிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் இந்த மூன்றும் ஒரே கடையில் அடுத்தடுத்த தட்டில் இருக்கும். மூன்றையும் ஒரே குடும்பத்தின் தொழிற்சாலைகள் தயாரிப்பதும் உண்டு. ஆனால் வெளிநாட்டு ஆர்டர் வந்து, கப்பலேற்றும் நாள் குறித்தாகிவிட்டால், மூன்றும் வெவ்வேறு வாசலைத் தேடிப் போக வேண்டும்.

மசாலாவுக்கு 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதை நடத்துவது சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்பு, தரப் பிரிவு. விண்ணப்பம் ஃபோசிம் இணைய முறை வழியாகப் போகும். தலைமுடி எண்ணெய்க்கும் தைலத்துக்கும் 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகள். இவற்றைக் கவனிப்பது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், தொழிலில் உள்ளவர்கள் வாயில் என்பிஆர்ஏ. இங்கே விண்ணப்பம் குவெஸ்ட் 3 பிளஸ் முறையில். ஹலால் முத்திரை வேண்டுமானால் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் மைஹலால். சுங்கப் பாரமும் (படிவமும்), எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லும் தோற்றச் சான்றிதழும் டகாங் நெட் வழியாக. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், தனிக் கோப்பு. ஆனால் எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றேதான்: நிறுவனத்தின் பெயர், நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவு எண், தொழிற்சாலை முகவரி, பொருளின் பெயர், சேர்மானம், லேபிள்.

“அரசாங்க ஆபீஸில் இழுத்தடிக்கிறார்கள்” என்ற புலம்பலை ஏற்றுமதி செய்யும் எந்த வீட்டிலும் கேட்கலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும், நின்றுபோன கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால், அதிகாரி முத்திரை குத்தும் மேசையில் போகும் நேரத்தைவிட, ஒரே விவரம் ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதப்பட்டு, அதை ஒன்றாக்கும் வேலையில் போகும் நேரம்தான் அதிகமாக இருக்கும். சீர்திருத்தம் என்று யார் பேசினாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தக் காகிதம் எதைச் சொல்கிறது

முதலில் காகிதங்களின் வேறுபாடு தெளிய வேண்டும். வாங்குபவர் மின்னஞ்சலில் “ஹெல்த் சர்டிபிகேட் அனுப்புங்கள்” என்று எழுதுவார். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது தாராள விற்பனைச் சான்றிதழாக இருக்கும். தவறானதற்கு விண்ணப்பித்து, கையில் வாங்கி, கூரியரில் அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும்.

தாராள விற்பனைச் சான்றிதழ் பொருளைப் பற்றியது. இந்தப் பொருள் மலேசியச் சட்டத்துக்கு உட்பட்டுத் தயாரிக்கப்பட்டு, இங்கே தடையின்றி விற்கப்படுகிறது என்பதே அதன் சாரம். எத்தனை பெட்டி, எந்தக் கப்பல் என்பதெல்லாம் அதில் வராது. வெளிநாட்டில் பொருளைப் பதிவு செய்யும்போது அந்நாட்டு அதிகாரிகள் கேட்பது இதைத்தான்.

சுகாதாரச் சான்றிதழ் சரக்கைப் பற்றியது. குறிப்பிட்ட பேட்ச், குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட பெறுநர். இந்தச் சரக்கு மனிதர் உண்ணத் தக்கது என்று அரசு சொல்கிறது. ஒவ்வோர் அனுப்பீட்டுக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

மருந்துக்குத் தனியாக ஒன்று: மருந்துப் பொருள் சான்றிதழ், சுருக்கமாக சிபிபி. உலகச் சுகாதார நிறுவனம் 1969இல் தொடங்கிய சான்றளிப்புத் திட்டத்தின் படிவம் இது. மருந்தைச் சோதிக்க வசதியில்லாத நாடுகள், தயாரிக்கும் நாட்டின் கண்காணிப்பை நம்பி வாங்க வேண்டும் என்பதற்காக உருவானது. மருந்து பதிவாகியிருக்கிறதா, உள்நாட்டுச் சந்தையில் உண்மையில் விற்கிறதா, தொழிற்சாலை முறையாகச் சோதிக்கப்படுகிறதா, நல்ல தயாரிப்பு நடைமுறைக்கு உட்பட்டதா என்று வரிசையாகக் கேள்விகள். மலேசியா 2002 ஜனவரி 1 முதல் மருந்துச் சோதகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான பிக்ஸ் அமைப்பில் உறுப்பு நாடு. என்பிஆர்ஏவின் தொழிற்சாலைச் சோதனைக்கு வெளியில் இருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சை மிளகு, முழு மஞ்சள், விதை போன்ற பதப்படுத்தாத தாவரப் பொருளுக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அது வேளாண் துறையின் பக்கம். இறைச்சி, முட்டை, பறவைக்கூடு என்றால் கால்நடைத் துறை. மசாலாத் தூளுக்கு எது என்ற குழப்பம் அடிக்கடி வரும். அரைத்துப் பொட்டலமிட்டது பொதுவாக உணவுப் பிரிவுக்குப் போகும். ஆனால் இறக்குமதி செய்யும் நாடு பயிர்நலச் சான்றிதழும் கேட்டால் இரண்டையும் வாங்கத்தான் வேண்டும். கேட்பது அந்த நாடு.

இந்தக் காகிதங்களுக்கு ஏன் இத்தனை கனம் என்பதற்குப் பினாங்குக்காரர்களுக்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் மாடியில் உழவாரக் குருவிகள் கட்டிய கூடுகள் பெரிய வணிகமாக வளர்ந்திருந்த காலத்தில், 2011இல், சீனாவில் விற்ற சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்தது. சீனா மலேசியக் கூடுகளின் இறக்குமதியை நிறுத்தியது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் நைட்ரைட் என்ற வரம்பு, பதிவு செய்த கூட்டு வீடுகள், வீட்டிலிருந்து பொட்டலம் வரை தடம் பிடிக்கும் ஏற்பாடு, இரு அரசுகளுக்கும் இடையே 2012இல் ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிய பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது. சிலரின் கலப்படத்துக்கு, தப்பே செய்யாதவர்களும் மாதக்கணக்கில் சரக்கைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரசின் சான்றிதழ் என்பது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு. அதை எளிதாக்கலாம். வெறுமையாக்கிவிடக் கூடாது.

வேகமாக மாறுவதும் மாறாததும்

இங்கேதான் முறையைத் திருத்த இடம் இருக்கிறது. ஒரு சுகாதாரச் சான்றிதழில் உள்ள விவரங்களை அவை மாறும் வேகத்தை வைத்துப் பிரித்தால் மூன்று அடுக்கு தெரியும்.

அடியில் தொழிற்சாலை. முகவரி, 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி வளாகப் பதிவு, மெஸ்டி அல்லது ஜிஎம்பி அல்லது எச்ஏசிசிபி என்ற உணவுப் பாதுகாப்புத் தகுதி, பணியாளர்களின் டைபாய்டு தடுப்பூசி, உணவு கையாளும் பயிற்சி. இவை ஆண்டுக்கணக்கில் மாறாதவை. நடுவில் பொருள்: சேர்மானம், லேபிள், காலாவதிக் காலம். இவை எப்போதாவது மாறும். மேலே சரக்கு: பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, பெட்டிகளின் எண்ணிக்கை, நிகர எடை, கொள்கலன் எண். இவை ஒவ்வொரு முறையும் மாறும்.

சரியாக அமைந்த முறையில் அடி அடுக்கை ஒரே முறை சோதித்து, நடு அடுக்கை ஒரே முறை பதிந்து, மேல் அடுக்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் நிரப்ப வேண்டும். இன்று நடப்பது வேறு. மெஸ்டி சான்றிதழின் நகல், எஸ்எஸ்எம் பாரத்தின் நகல், லேபிளின் படம் எல்லாவற்றையும் ஒவ்வொரு துறைக்கும் மீண்டும் மீண்டும் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. அவற்றைக் கொடுத்ததே அரசின் இன்னொரு பிரிவுதான். அந்தப் பிரிவின் தரவுத்தளத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. பிடிஎஃப் கோப்பைப் பதிவேற்றுவது மின்மயம் ஆகிவிடாது. யாரோ ஒருவர் அதைத் திறந்து, கண்ணால் படித்து, இன்னொரு திரையோடு ஒப்பிட வேண்டும். கவுண்டரில் காகிதத்தை நீட்டிய காலத்து வேலையே அங்கே இன்னும் நடக்கிறது.

தாமதம் உண்டாக்கும் இன்னொரு குணம், எல்லாச் சரக்கையும் ஒரே கண்ணால் பார்ப்பது. பத்து ஆண்டாக ஒரே முறுக்கை ஒரே சிங்கப்பூர்க் கடைக்கு அனுப்பி, ஒரு தடவைகூடத் திரும்பி வராத தொழிற்சாலையையும், முதன்முதலாக மிளகாய்த் தூளை ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிற்சாலையையும் ஒரே அளவு பரிசோதிப்பதில் அர்த்தமில்லை. வறண்ட, வறுத்த, பொரித்த பொருளில் கிருமி ஆபத்து வேறு. வெயிலில் காய்ந்த மிளகாயில் வேறு. ஆபத்து அதிகம் உள்ள இடத்துக்கு அதிகாரியின் நேரம் போக வேண்டுமானால், ஆபத்து குறைந்த இடத்திலிருந்து அந்த நேரத்தை எடுத்தாக வேண்டும்.

ஒரு எழுத்துக்கு ஐந்து நாள்

தமிழ்ப் பெயர் வைத்த நிறுவனங்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. “ஸ்ரீ” என்பதை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதலாம். “முருகன்” என்பதில் இரட்டை எழுத்து போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. “லட்சுமி”யைக் கேட்கவே வேண்டாம். எஸ்எஸ்எம் பதிவில் ஒரு விதம், பெட்டியில் அச்சடித்த லேபிளில் இன்னொரு விதம், இன்வாய்ஸில் மூன்றாவது விதம். முகவரியில் “ஜாலான்” முழுதாக ஓரிடம், சுருக்கமாக ஓரிடம். தொழிற்சாலை பட்டர்வொர்த்தில், பதிவு முகவரி கோலாலம்பூரில் கணக்காளரின் அலுவலகத்தில். சான்றிதழில் எதைப் போடுவது?

கடன் உறுதிப் பத்திரத்தின் பேரில், அதாவது எல்சி முறையில் பணம் வாங்குபவருக்கு இது பணப் பிரச்சினை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள யூசிபி 600 என்ற பன்னாட்டு எல்சி விதிகளின்படி, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு ஐந்து வங்கி வேலை நாள் உண்டு. சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். சான்றிதழில் பெறுநர் பெயர் எல்சியோடு முரண்பட்டால் வங்கி ஆவணத்தைத் தள்ளலாம். திருத்தச் சான்றிதழ் வாங்கப் போனால், அந்த 21 நாளும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்குத் தொழிற்சாலையில் ஒரு மூலப்பட்டியல் வைத்துக்கொள்வதைவிட நல்ல மருந்து இல்லை. ஒரே ஒரு பக்கம் போதும். எஸ்எஸ்எம்மில் உள்ளபடியே நிறுவனத்தின் பெயர், பழைய எண்ணும் புதிய 12 இலக்க எண்ணும், வளாகப் பதிவில் உள்ளபடி தொழிற்சாலை முகவரி, ஒவ்வொரு பொருளுக்கும் லேபிளில் உள்ளபடி பெயர், நிகர எடை, சேர்மான வரிசை, எச்எஸ் குறியீடு (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்). இந்தப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது தவிர, யாரும் எங்கேயும் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டருக்கும் இதையே கொடுக்க வேண்டும். அவர் கே2 என்ற ஏற்றுமதிச் சுங்கப் பாரத்தை நிரப்பும்போது நினைவிலிருந்து பெயரை எழுதுவதுதான் பல குழப்பங்களின் பிறப்பிடம்.

எச்எஸ் குறியீட்டில் ஒரு எச்சரிக்கை. வெறும் வாசனைப்பொருள்களின் கலவை 0910 தலைப்பின் கீழ் வரும். அதில் உப்பு, சர்க்கரை, சுவையூட்டி எல்லாம் சேர்ந்து கலவையின் தன்மையே மாறிவிட்டால் 2103க்குப் போய்விடும். சுங்கப் பாரத்தில் ஒன்று, தோற்றச் சான்றிதழில் மற்றொன்று என்று இருந்தால் வரிச்சலுகை கிடைக்காது.

சோதனைக்கூடத்தில் போகும் நாள்கள்

மசாலாவுக்குச் சால்மொனெல்லா சோதனை இல்லாத சந்தை இன்று குறைவு. 25 கிராம் மாதிரியில் அது இருக்கவே கூடாது. வழக்கமான வளர்ப்பு முறையில், முன்வளர்ப்பு, தேர்வு வளர்ப்பு, தட்டில் பரப்பல், உறுதிப்படுத்தல் என்று முடிவு வர ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். அதை யாரும் விரைவுபடுத்த முடியாது. கிருமி தன் வேகத்தில்தான் வளரும். கப்பல் திங்கள்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை மாதிரி கொடுப்பவர் அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதனைக்கூடம் ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியாவின் சாம் அங்கீகாரம் பெற்றதா என்று பலர் பார்க்கிறார்கள். அது பாதி வேலை. அந்த அங்கீகாரத்தின் வரம்புப் பட்டியலில் நீங்கள் கேட்கும் சோதனையும், உங்கள் வகைப் பொருளும் இருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. நீரில் ஈயம் சோதிக்க அங்கீகாரம் பெற்ற கூடம், மஞ்சள் தூளில் ஈயம் சோதிக்கவும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் மிளகாய், மிளகு, மஞ்சள், இஞ்சி, சாதிக்காய்க்கு, அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சில் பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்லாடாக்சின் 10 மைக்ரோகிராம். அதற்கு மேல் போனால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். எத்திலீன் ஆக்சைடு இன்னும் நுட்பமான பொறி. கிருமி நீக்க இந்த வாயுவை அமெரிக்கா வாசனைப்பொருள்களுக்கு அனுமதிக்கிறது. ஐரோப்பா அனுமதிக்கவில்லை. அங்கே எச்ச வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அந்தக் கணக்கில் எத்திலீன் ஆக்சைடும், அது மாறி உண்டாகும் 2-குளோரோஎத்தனாலும் சேர்த்தே எண்ணப்படும். வாயு பறந்துவிட்டாலும் குளோரோஎத்தனால் தூளில் தங்கிவிடும். காய்ந்த மிளகாயும் மல்லியும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் மலேசிய ஆலைக்கு, மூட்டை வருவதற்கு முன்பே அங்கே வாயு ஏற்றினார்களா என்பது தெரியாமல் போகலாம். ஆகவே கேள்வியைக் கப்பல் ஏறும் நாளில் கேட்பதற்குப் பதில் மூட்டை வாங்கும் நாளிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் பாதுகாப்பான வழி நீராவிக் கிருமிநீக்கம். நிறமும் மணமும் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. கதிர்வீச்சும் அங்கே சட்டப்படி சரிதான், உலர் மூலிகை, வாசனைப்பொருளுக்கு 10 கிலோகிரே வரை. ஆனால் லேபிளில் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு செய்த ஆலையும் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும்.

கொள்கலன் எண் எப்போது தெரியும்

சில நாடுகளின் சுகாதாரச் சான்றிதழில் கொள்கலன் எண்ணும் முத்திரை எண்ணும் வேண்டும். கொள்கலன் தொழிற்சாலை வாசலுக்கு வந்து, பெட்டிகளை அடுக்கி, கதவை மூடிப் பூட்டுப் போட்ட பிறகுதான் முத்திரை எண் தெரியும். 2016 ஜூலை 1 முதல் கொள்கலனின் மொத்த எடையையும் சரிபார்த்துக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. பட்டர்வொர்த் முனையத்திலோ கிள்ளான் துறைமுகத்திலோ கப்பலின் குளோசிங் நேரம், அதாவது சரக்கை ஏற்கும் கடைசி நேரம், அடுத்த நாள் என்றால், அந்த ஒரு நாளுக்குள் சான்றிதழ் வாங்க வேண்டும். அதனால் பலர் முன்கூட்டியே உத்தேச எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு திருத்தத்துக்கு ஓடுகிறார்கள்.

இதைத் தீர்க்கப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். திருத்தத்தை இரு வகையாகப் பிரித்தால் போதும். கொள்கலன் எண், கப்பல் பெயர், பயண எண் போன்ற போக்குவரத்து விவரம் மாறினால், அதிகாரி மறுபடி பார்க்காமல் முறையே அதை மாற்றிப் பதிவு செய்யட்டும். பேட்ச், எடை, பொருளின் பெயர் மாறினால் மட்டும் அதிகாரியிடம் போகட்டும். இப்போது இரண்டுமே ஒரே வரிசையில் நிற்கின்றன.

தைலமும் எண்ணெயும்

மருந்து, அழகுப்பொருள் பக்கம் வேறு வகைச் சிக்கல். பொருள் எந்த வகை என்பதைப் பாட்டிலுக்குள் இருப்பதோடு பாட்டிலின் மேல் எழுதியிருப்பதும் தீர்மானிக்கிறது. “முடிக்கு மினுமினுப்பு” என்றால் அழகுப்பொருள். அதற்கு விற்பனைக்கு முன் அறிவிப்பு எண் பெற்றால் போதும். மலேசியாவில் 2008 ஜனவரி 1 முதல் ஆசியான் அழகுப்பொருள் நெறிமுறையின்படி இந்த முறை நடக்கிறது. “வழுக்கையைக் குணப்படுத்தும்” என்று எழுதிவிட்டால் அது மருந்து. மூட்டுவலித் தைலம் பாரம்பரிய மருந்து. அதற்கு முழுப் பதிவு, ஆங்கில T எழுத்தில் முடியும் மால் என்ற பதிவு எண், ஐந்தாண்டுக் காலக்கெடு. வெளிநாட்டு வாங்குபவரின் லேபிள் வடிவமைப்பாளர் தம் ஊர் வழக்கப்படி ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவார். அந்த வாக்கியத்தோடு உங்கள் தாராள விற்பனைச் சான்றிதழ் பொருந்தாது. லேபிளை அச்சுக்கு அனுப்பும் முன்னரே அதைப் படித்துப் பார்க்க வேண்டியவர் இங்கே இருப்பவர்தான்.

கன உலோக வரம்பும் இந்த எல்லையில் மாறுகிறது. மலேசியாவில் பாரம்பரிய மருந்துக்கு ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3. ஆசியான் நெறிமுறையில் அழகுப்பொருளுக்கு ஈயம் 20, ஆர்செனிக் 5, பாதரசம் 1, காட்மியம் 5. இங்கே அழகுப்பொருளாகச் சரியாக இருக்கும் கண்மை, அமெரிக்காவில் எந்தச் சோதனை முடிவோடு போனாலும் நுழையாமல் போகலாம். அங்கே கண் பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட வண்ணப்பொருள் பட்டியல் தனி. பழைய முறைக் கண்மை அந்தப் பட்டியலில் இல்லை. மலேசிய அரசின் சான்றிதழால் இதை மாற்ற முடியாது. சான்றிதழ் இங்கே விற்கப்படுகிறது என்றுதான் சொல்லும். அங்கே விற்கலாம் என்று சொல்லாது.

சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் ஒப்பந்த ஆலையில் தயாரித்து, தன் பெயரில் விற்கும் சிறு நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அறிவிப்பு எண்ணை வைத்திருப்பவர். ஜிஎம்பி சான்றிதழ் ஆலையின் பெயரில் இருக்கும். வெளிநாட்டு வாங்குபவருக்கு இரண்டு பெயர் ஏன் என்று புரியாது. ஒப்பந்தத்தின் நகலோடு ஆரம்பத்திலேயே விளக்கிவிட வேண்டும். ஒப்பந்த ஆலையை மாற்றினால் பழைய அறிவிப்பின் மேல் வாங்கிய சான்றிதழ் புதிய சரக்குக்குப் பயன்படாது. ஆலையை மாற்றியவர்கள் இதைச் சரக்கு அக்கரையில் நிற்கும்போதுதான் உணர்கிறார்கள்.

மாத்திரை, மருந்துக்கு இன்னொரு பொறி, ஏற்றுமதிக்கு மட்டும் என்ற பதிவு. வாங்கும் நாட்டுக்காக நிறம், வடிவம், வீரியம் மாற்றினால் அது உள்நாட்டுப் பதிவில் அடங்காது. ஏற்றுமதிக்கென்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் சிபிபியில் “உள்நாட்டுச் சந்தையில் விற்கப்படுகிறதா” என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வரும். காரணத்தையும் படிவம் கேட்கும். சில நாடுகள் இந்த “இல்லை”யைப் பார்த்தவுடன் கோப்பை ஒதுக்கி வைக்கும். ஆகவே மாத்திரையின் நிறத்தை மாற்றச் சொல்லும் வாங்குபவரிடம், அந்த நாட்டின் அதிகாரிகள் ஏற்றுமதிப் பதிவை ஏற்பார்களா என்று முதலில் கேட்க வேண்டும். நிறம் எளிது, பதிவு கடினம்.

அக்கரையில் மாறும் விதிகள்

உள்ளூர் முறை எவ்வளவு சீரானாலும், கதவைத் திறப்பவர் அக்கரையில் இருக்கிறார். சீனா 2022 ஜனவரி 1 முதல் உணவு தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் தன் சுங்கத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. பறவைக்கூடு, பால், இறைச்சி, உண்ணும் எண்ணெய் எனச் சில வகைகளுக்கு ஆலை தானாகப் பதிய முடியாது. ஏற்றுமதி நாட்டு அரசு பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வாசனைப்பொருளும் வறுக்காத காப்பிக் கொட்டையும் உலர் பழமும் இருந்தன. தங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருப்பதை அறியாமல் நேராகப் பதிந்தவர்கள் மறுபடி அமைச்சு வழியாக வர வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் உணவு ஆலைப் பதிவை இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பதிவு போய்விடும். பெட்டி விமான நிலையத்தில் நிற்கும். இந்தோனேசியா உணவு, பானத்துக்கு 2024 அக்டோபர் 17இல் தொடங்கிய கட்டாய ஹலால் விதியை, அழகுப்பொருளுக்கு 2026 அக்டோபர் 17 என்று அறிவித்தது. மேடானுக்குத் தலைமுடி எண்ணெய் அனுப்பும் பினாங்கு ஆலைக்கு அது வெறும் மதப் பிரச்சினை ஆகாது. கிளிசரின் எங்கிருந்து வருகிறது என்ற சேர்மானப் பிரச்சினை.

இந்த விதிகளைத் தேடித் திரிவது ஒவ்வொரு சிறு தொழிற்சாலையின் தனிச் சுமையாக இருக்கிறது. நாடு வாரியாக, பொருள் வாரியாக, எந்தச் சான்றிதழ், எந்த வாசகம், எந்தச் சோதனை என்று அரசே ஒரு பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டு, விண்ணப்பப் படிவத்துக்குள்ளேயே அதை வைத்தால், தவறான காகிதத்துக்கு விண்ணப்பிப்பதே நின்றுபோகும். நாட்டையும் எச்எஸ் குறியீட்டையும் தேர்ந்தெடுத்தவுடன் தேவையான கட்டங்கள் மட்டும் திறக்க வேண்டும். இது தொழில்நுட்ப அதிசயம் இல்லை.

இணைத்துக் காட்டிய முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. ஆசியான் நாடுகளுக்கிடையே வரிச்சலுகைக்கான டி பாரம் முன்பு காகிதத்தில் முத்திரையோடு கூரியரில் போனது. 2018 ஜனவரி 1 முதல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகள் அதை மின்வழியில் ஓர் அரசின் கணினியிலிருந்து இன்னோர் அரசின் கணினிக்கு அனுப்பத் தொடங்கின. பிறகு மற்ற நாடுகளும் சேர்ந்தன. காகிதம் தொலைந்தது, கையெழுத்து மாதிரி பொருந்தவில்லை என்ற பழைய வழக்குகள் அதோடு குறைந்தன. சுகாதாரச் சான்றிதழுக்கும் இதே வழி உண்டு. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையம் 2021இல் தன் சான்றிதழ் வழிகாட்டியைத் திருத்தி, காகிதமில்லா முறைக்கு வழிவகுத்துவிட்டது. உணவுச் சான்றிதழை முதலில் சிங்கப்பூரோடு மட்டும் இப்படி இணைத்தாலும் ஜோகூர் பாலம் வழியே போகும் லாரிகளுக்கு எவ்வளவோ நேரம் மிஞ்சும்.

அரசுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வழங்கும் வாசலைக் குறைப்பது எப்போதும் எளிமையாக்கம் ஆகாது. 2025 மே 6 முதல், அமெரிக்காவுக்குப் போகும் சரக்கின் வரிச்சலுகை சாராத தோற்றச் சான்றிதழை வணிகச் சபைகள் வழங்குவதை நிறுத்தி, அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சு மட்டுமே வழங்கும் என்று மாற்றினார்கள். பிற நாட்டுச் சரக்கு மலேசியப் பெயரில் போவதைத் தடுக்க அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் வாசல் ஒன்றாகும்போது வரிசை நீளும். அந்த வாசலில் ஆளும் கணினியும் அதற்கேற்ப வளர வேண்டும்.

மேற்காசியா போன்ற சந்தைகளுக்கு இன்னும் ஒரு படி மிச்சம். சான்றிதழை வாங்கிய பிறகு புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் தூதரகப் பிரிவில் உறுதிச் சான்று, அதன்பின் அந்த நாட்டின் தூதரகத்தில் முத்திரை. பினாங்குக்காரருக்கு இது ஒரு நாள் பயணம், அல்லது ஓர் ஏஜென்டுக்குக் கூலி. இதற்குச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும், பேனா மையால் நேரடியாக இட்ட கையெழுத்து வேண்டும் என்று சில தூதரகங்கள் கேட்கும். மின்சான்றிதழை அச்சடித்துக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே எந்த நாட்டுக்கு என்பதைச் சொல்லி, மூலப்பிரதி எத்தனை வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். மூன்று நாட்டில் பதிவு செய்யப் போகும் பொருளுக்கு ஒரே பிரதி வாங்கி, முதல் தூதரகத்தில் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை மற்ற இரண்டு நாட்டின் கோப்பும் காத்திருக்கும் நிலை அப்படிக் கேட்காததால்தான் உண்டாகிறது.